மூன்றரை வயது மகளோடு 12 நாள் ஐரோப்பா: இந்தத் திட்டம் தாங்குமா?

#1 காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் முதல் முறையாக எழுதுகிறேன். ஜூன் மாதம் முதல் இரண்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது. நான், மனைவி, மூன்றரை வயது மகள், 63 வயதான என் அம்மா என்று நான்கு பேர். திருச்சியிலிருந்து சென்னை வந்து விமானம் ஏற வேண்டும்.

திட்டம் இப்படி வைத்திருக்கிறேன். பாரிஸில் 3 இரவு, சுவிஸின் இன்டர்லாக்கனில் 3, வெனிஸில் 2, ரோமில் 3. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார். பனியை ஒருமுறையாவது கையில் அள்ளிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, அதற்காக இன்டர்லாக்கன் பக்கத்துப் பனிமலையில் இருக்கும் யுங்ஃப்ராவ்யோக். மனைவிக்கு ஈஃபிள் கோபுரம். மகளுக்கு ரயில் என்றால் உயிர். மதியம் ஒரு மணி நேரமாவது தூங்க வேண்டும், இல்லையென்றால் சாயங்காலம் அழுது தீர்த்துவிடுவாள். தயிர் சாதம், பருப்பு சாதம், இட்லி, வாழைப்பழம் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டாள்.

குழுச் சுற்றுலாக்காரர்கள் 11 நாளில் 7 நாடு என்கிறார்கள். அதைப் பார்த்தால் என் திட்டம் நிதானமானது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சிறு குழந்தையோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 ரயில்நேசன்

வாங்க. எங்கள் பையனோடு இரண்டு முறை போயிருக்கிறோம், அவனுக்கு 2 வயதில் ஒருமுறை, 5 வயதில் ஒருமுறை. முதல் பயணம் ஏறக்குறைய உங்கள் திட்டம் மாதிரியேதான் இருந்தது. அதனால் சொல்கிறேன், இதைப் பாதியாகக் குறையுங்கள்.

எத்தனை ஊர் என்று பார்க்காதீர்கள், எத்தனை முறை பெட்டி கட்டுகிறீர்கள் என்று பாருங்கள். பாரிஸிலிருந்து இன்டர்லாக்கன் பாசல் வழியாக ஐந்து மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து மிலான் வழியாக வெனிஸ் ஆறு மணி நேரம். வெனிஸ் - ரோம் நான்கு மணி நேரம். இதெல்லாம் ரயிலுக்குள் இருக்கும் நேரம் மட்டும்தான். அறையைக் காலை 10 அல்லது 11 மணிக்குக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் அறை 3 மணிக்குத்தான் கிடைக்கும். உங்கள் மகள் தூங்க வேண்டிய நேரம் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அன்றைய தூக்கம் போச்சு, அன்றைய சாயங்காலமும் போச்சு.

அப்புறம் கைக்கணக்கு. மூன்று பெரியவர்கள், ஆறு கை. அம்மாவின் இரண்டு கையைக் கழித்துவிடுங்கள், அவருக்குப் பிடிமானம் வேண்டும். மிச்சம் நான்கு. குழந்தை வண்டிக்கு ஒரு ஆள். ஆக, எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒருவரின் இரண்டு கைகளுக்கு வந்து நிற்கும். ரயில் சில நிமிடம்தான் நிற்கும். சக்கரப் பெட்டி இரண்டு, முதுகுப்பை இரண்டு, அதற்கு மேல் ஒரு பை கூடினாலும் சிரமம்.

வெனிஸில் 400க்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவை படிக்கட்டுகள். முழங்கால் வலியும் குழந்தை வண்டியும் சேர்ந்தால் அந்த ஊர் உங்களுக்கு இப்போது வேண்டாம். ரோமில் ஜூன் வெயில், கல் பாவிய தெரு. அவள் பெரியவளானதும் இத்தாலிக்கு மட்டும் தனியாகப் போங்கள்.

#3 நெடுஞ்சாலை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 2019இல் அப்பா, அம்மா, மனைவி, 8 வயது மகளோடு குழுச் சுற்றுலாவில் போனோம். ராத்திரி சூடாகச் சாதம், சாம்பார் கிடைத்தது. பெட்டி தூக்கும் வேலை இல்லை, வழி தேட வேண்டியதில்லை. அப்பா ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. காவிரிக்கரை, உங்கள் அம்மா இன்னொரு முறை ஐரோப்பா வருவாரா என்று யோசியுங்கள். அவருக்கு ரோமும் பார்க்கத்தானே வேண்டும்? குழந்தைக்கு இதெல்லாம் நினைவில் நிற்கப் போவதில்லை. பெரியவர்களை வைத்துத் திட்டம் போடுவதுதான் நியாயம்.

#4 ரயில்நேசன்

நெடுஞ்சாலை சார், சாப்பாடு விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் 8 வயதும் மூன்றரை வயதும் ஒன்றில்லை. ஐரோப்பாவில் பேருந்து ஓட்டுநருக்கு நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு என்று சட்டம் இருக்கிறது. பயண நிறுவனங்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் நிறுத்தங்களைத் திட்டமிடும். இடையில் குழந்தைக்குச் சிறுநீர் வந்தால், வாந்தி வந்தால், விரைவுச்சாலை ஓரத்தில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ரயிலில் அவள் இறங்கி நடக்கலாம், ஜன்னல் மாறி உட்காரலாம், கழிப்பறை பத்தடியில் இருக்கிறது.

நினைவில் நிற்காது என்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, அந்த 12 நாளும் அவள் அங்கே இருக்கிறாள். அவள் படும் பாட்டை மற்ற மூன்று பேரும் சேர்ந்துதான் படுவார்கள்.

#5 பெர்ன் பூங்குழலி

தம்பி, நான் சுவிஸில், பெர்னில் 24 வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் எத்தனையோ பேரைக் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். பிள்ளைகளோடு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது நேர வித்தியாசம் பற்றித்தான். கோடையில் இந்தியாவுக்கும் இங்கேக்கும் மூன்றரை மணி நேரம். உங்கள் மகள் வீட்டில் காலை ஆறரைக்கு எழும்பும் பிள்ளை என்றால், இங்கே வந்து முதல் இரண்டு மூன்று நாள் விடிய 3 மணிக்கு எழும்பி விளையாடக் கேட்பாள். ஹோட்டல் அறையில் அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள்? அதனால்தான் இரண்டு அறையும் சமையலறையும் உள்ள வாடகை வீடு எடுங்கள் என்கிறேன். ஒருவர் பிள்ளையோடு விழித்திருக்க, மற்றவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் படுக்கலாம். இரவு 10 மணிக்குப் பிறகு சத்தம் போடக் கூடாது என்பதை இங்கே சனங்கள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

மாலையில் இதற்கு மறுவளம். ஜூனில் ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். சூரியன் நிற்கும்போது ஏன் படுக்க வேண்டும் என்று பிள்ளை கேட்கும். ஜன்னலுக்கு வெளியே இறக்கி மூடும் ஷட்டர் இருக்கிறதா என்று வீடு எடுக்கும்போது படத்தில் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மிக்ரோஸ், கோப் கடைகளில் பால்சோறுக்கென்று உருண்டை அரிசி விற்கும். அதை வேக வைத்தால் நல்லாகக் குழையும். எதுவும் சேர்க்காத வெறும் தயிர் வாங்கிப் பிசைந்தால் பிள்ளைகளுக்கு ஏற்ற தயிர்ச்சோறு. ஊர்த் தயிர் மாதிரிப் புளிக்காது, அதனால் பிள்ளைகள் விருப்பமாகவே சாப்பிடுவார்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், போத்தல் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். சின்ன ரைஸ் குக்கர் கொண்டு வாருங்கள். அலுமினியப் பாத்திரம் கொண்டு வராதீர்கள், இங்கே கன வீடுகளில் இண்டக்ஷன் அடுப்பு. பிளக்கையும் பாருங்கள். இரண்டு மெல்லிய உருண்டை முள் உள்ள தட்டையான பிளக் எல்லா இடத்திலும் போகும். ஆனால் பிரான்ஸ், ஜெர்மனிக்கு என்று விற்கும் தடித்த வட்ட அடாப்டர் சுவிஸ் சொக்கெட்டுக்குள் போகாது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் பூட்டு. பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகள் திறந்திருக்கும். சனிக்கிழமையே பாணும் (ரொட்டி) பாலும் வாங்கி வைத்துவிடுங்கள்.

#6 பாரிஸ் பாலம்

புதுச்சேரிக் குடும்பம், பாரிஸுக்குப் பக்கத்தில் வாசம். என் இரண்டு குழந்தைகளையும் இந்த ஊர் மெட்ரோவில்தான் தூக்கி வளர்த்தேன், அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

இங்கே மெட்ரோ ஓடத் தொடங்கியது 1900இல். பழைய நிலையங்களில் பெரும்பாலும் லிஃப்ட் கிடையாது. வண்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு நிலையத்தில் நாற்பது ஐம்பது படி என்பது சாதாரணம். விதிவிலக்கு 14ஆம் வழித்தடம், அதன் எல்லா நிலையங்களிலும் லிஃப்ட் உண்டு. சுவிஸிலிருந்து வரும் ரயில் நிற்கும் கார் டி லியோன் நிலையம் இந்த 14இல்தான் இருக்கிறது. தங்குமிடத்தையும் இதே வழித்தடத்தின் அருகில் பாருங்கள். மற்ற இடங்களுக்குப் பேருந்தில் போங்கள். குழந்தை வண்டியை மடக்காமலேயே ஏற்றலாம், அம்மாவும் படி ஏற வேண்டியதில்லை. 69ஆம் எண் பேருந்து ஈஃபிள் பக்கத்திலிருந்து லூவ்ர் அருங்காட்சியகம் வழியாகப் போகும், உட்கார்ந்த இடத்திலேயே பாதி பாரிஸைப் பார்த்துவிடலாம். 4 வயதுக்குக் கீழே டிக்கெட் கிடையாது.

ஈஃபிள் கோபுரத்தில் வண்டியை மடக்கித்தான் கொண்டுபோக வேண்டும். இரண்டாம் தளம் வரை லிஃப்டில் போனால் போதும். அங்கிருந்து உச்சிக்குப் போக வேறு லிஃப்ட், வேறு வரிசை, அந்த வரிசையில் குழந்தை சோர்ந்துவிடும். இருட்டிய பிறகு மணிக்கு ஒருமுறை கோபுரம் முழுக்க விளக்குகள் மினுங்கும். ஆனால் ஜூனில் இங்கே சூரியன் மறையவே 10 மணி ஆகிவிடும். அதைக் குழந்தைக்குக் காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். உங்கள் மனைவி மட்டும் பார்க்கட்டும், நீங்கள் ஒருநாள் வீட்டில் இருங்கள்.

குழந்தைக்கு லுக்ஸம்பூர் பூங்கா. நடுவில் பெரிய குளம், அதில் மிதக்க விட வாடகைக்கு மரப் படகு தருவார்கள், நீண்ட கோலால் தள்ளிவிட வேண்டும். அரை நாள் போவதே தெரியாது. சுற்றிலும் நாற்காலிகள் போட்டிருக்கும், அம்மாவும் உட்காரலாம்.

உணவகங்கள் மதியம் 12 முதல் 2 வரை, அப்புறம் இரவு 7 மணிக்கு மேல்தான். ஐந்தரைக்குப் பசிக்கும் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது, கையில் ஏதாவது வைத்திருங்கள். கார் டு நோர் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை கிடைக்கும், கறிவேப்பிலைகூடக் கிடைக்கும்.

#7 காவிரிக்கரை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி மனைவியும் நானும் உட்கார்ந்து படித்தோம். ரயில்நேசன் சொன்ன கைக்கணக்கைப் படித்ததும் மனைவி எழுந்து போய்ப் பரணிலிருந்து இரண்டு பெட்டிகளை மட்டும் இறக்கி வைத்துவிட்டார். வெனிஸும் ரோமும் இல்லை என்று முடிவாகிவிட்டது. அம்மாவிடம் கேட்டேன். "எனக்குப் பனி போதும்டா, சிலை நம்ம ஊரிலேயே இருக்கு" என்றார்.

இன்னும் மூன்று கேள்வி. விசா எந்த நாட்டில் போடுவது? குழந்தைக்கு என்னென்ன மருந்து, சாப்பாடு கொண்டு போகலாம்? யுங்ஃப்ராவ்யோக்குக்கு மூன்றரை வயதுக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

#8 மழைத்துளி

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டில் விசா போட வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குக் கீழே கைரேகை எடுப்பதில்லை, புகைப்படம் மட்டும். குழந்தையின் படிவத்தில் பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும், பிறப்புச் சான்றிதழை மறக்காதீர்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், தள்ளிப் போடாதீர்கள்.

சாப்பாடு விஷயத்தில் நம் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. இந்தியாவிலிருந்து பால் பொருள், இறைச்சி எதையும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா எல்லாம் இதில் அடக்கம். உடைக்காத டப்பாவில் உள்ள குழந்தைப் பால்பவுடருக்கு மட்டும் 2 கிலோ வரை விலக்கு உண்டு. பச்சைக் காய், கீரை, பழங்களுக்கும் தடை. கறிவேப்பிலைக் கொத்தை ஒளித்துக் கொண்டுபோவதெல்லாம் வேண்டாம். விலக்கு ஐந்தே பழத்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியான். உங்கள் மகளின் வாழைப்பழம் பிழைத்தது. அரிசி, பருப்புப் பொடி, ரசப்பொடி, அவல், முறுக்கு தாராளமாகக் கொண்டு போகலாம்.

இனி மருந்து. இதை விரிவாகவே சொல்கிறேன். மியூனிக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் பையனுக்கு 102 டிகிரி காய்ச்சல். அவனுக்கு அப்போது நான்கு வயது. பாராசிட்டமால் சிரப் வைத்திருந்தேன், விமானத்திலேயே மூடி கழன்று பை முழுக்கக் கொட்டிப் போயிருந்தது. நகரமே மூடிக் கிடந்தது. தெருமுனை மருந்துக் கடையும் பூட்டித்தான் இருந்தது, ஆனால் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அன்றைக்கு எந்தக் கடைக்கு முறைப்பணி என்று அதில் விலாசம் இருந்தது. அங்கே போனால் அதுவும் பூட்டித்தான் தெரிந்தது. மணி அடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, பின்னால் வந்த ஒரு பாட்டி அடித்துக் காட்டினார். கதவில் கையகலச் சன்னல் திறந்தது. காய்ச்சல், நான்கு வயது என்றேன். உள்ளேயிருந்த பெண் ஒரு சிறு பெட்டியை நீட்டினார். திறந்து பார்த்தால் ஆசனவாயில் வைக்கும் மருந்து. அங்கே குழந்தைகளுக்கு அதைச் சாதாரணமாகக் கொடுக்கிறார்கள். வாயில் கொடுக்கும் சிரப் வேண்டும் என்று சைகையால் காட்டினேன். "ஸாஃப்ட்?" என்று கேட்டார். சிரப்புக்கு அங்கே அதுதான் வார்த்தை. பையனின் எடையைக் கேட்டு, எத்தனை மில்லி என்று பெட்டியின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்தார். ஞாயிறு என்பதால் இரண்டரை யூரோ கூடுதல்.

ஆக, சிரப் இரண்டு பாட்டில், ஒன்று கைப்பையில், ஒன்று பெட்டியில், இரண்டும் ஜிப் உறைக்குள். தெர்மாமீட்டர், ஓஆர்எஸ் பொட்டலம், வாந்திக்கு உங்கள் குழந்தை மருத்துவர் எழுதித் தரும் மருந்து, அந்தச் சீட்டு. கிளம்பும் வாரம் குழந்தையின் எடையைப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே வாங்கும் சிரப்பின் அடர்த்தி நம் ஊர் சிரப் மாதிரி இருக்கும் என்று சொல்ல முடியாது, பழைய கணக்கில் ஊற்றாதீர்கள். அவசரத்துக்கு 112, சுவிஸிலும் அதே எண். காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணைச் செல்பேசியில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதி வையுங்கள், பணம் கட்டிய ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

#9 ரயில்நேசன்

மூன்றாவது கேள்விக்கு நான் வருகிறேன். யுங்ஃப்ராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912இலிருந்து அங்கே ரயில் போகிறது. இப்போது ஈகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் வந்த பிறகு, கிரின்டல்வால்டிலிருந்து ஈகர்கிளெட்ஷர் நிலையத்துக்குப் 15 நிமிடம்தான். அங்கிருந்து மலைக்குள்ளே குடைந்த சுரங்கத்தில் ரயில். சீக்கிரம் போய்விடலாம் என்பதுதான் குழந்தைகளுக்குச் சிக்கல், உடம்பு பழக நேரமே கிடைப்பதில்லை. பெரியவர்களுக்குத் தலை வலித்தால் சொல்லத் தெரியும். மூன்றரை வயதுக் குழந்தை சிணுங்கும், சாப்பிட மறுக்கும், நாம் தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வோம். காது வேறு அடைக்கும். சளி பிடித்திருந்தால் கூட்டிப் போகவே போகாதீர்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தைகள் போய் வருகிறார்கள்தான், ஆனாலும் உங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அம்மாவும் உங்கள் மனைவியும் மட்டும் மேலே போய், நீங்கள் மகளோடு கீழே இருப்பதும் ஒரு வழி. அம்மாவின் ரத்த அழுத்தத்தையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

அதே பக்கத்தில் ட்ரூமெல்பாக் அருவியைப் பட்டியலில் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். மலைக்குள் விழும் அருவி, ஈரப் படிகள், 4 வயதுக்குக் கீழே அனுமதியே கிடையாது. லவுட்டர்புருனன் ஊருக்குள்ளேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டவுப்பாக் அருவி விழுகிறது. தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டே பார்க்கலாம்.

ரயில் பைத்தியமான குழந்தைக்கு ஒரு நல்ல சேதி. சுவிஸின் சில இரட்டை மாடி இன்டர்சிட்டி ரயில்களில் குடும்பப் பெட்டி உண்டு, மாடியில் சறுக்குமரத்தோடு சின்ன விளையாட்டு இடம். கால அட்டவணையில் எஃப்.ஏ. என்ற குறி இருக்கும் ரயிலைப் பாருங்கள். 6 வயதுக்குக் கீழே டிக்கெட்டும் கிடையாது. பெரியவர்களுக்குச் சுவிஸ் டிராவல் பாஸ் எடுத்தால் ரயில், பேருந்து, ஏரிப் படகு எல்லாம் அதிலேயே அடங்கும். ஆனால் யுங்ஃப்ராவ்யோக் வரை முழுக்க அடங்காது, கிரின்டல்வால்டுக்கு மேல் 25 சதவீதத் தள்ளுபடிதான்.

#10 காவிரிக்கரை

முடிவு செய்துவிட்டோம். சூரிக்கில் இறங்குகிறோம், இன்டர்லாக்கன் பக்கத்தில் வாடகை வீட்டில் 7 இரவு, ரயிலில் பாரிஸ், அங்கே 4 இரவு, பாரிஸிலிருந்தே ஊர் திரும்பல். பெட்டி மாற்றுவது ஒரே ஒரு முறை. விசா சுவிஸில் போடுகிறோம். போய் வந்து எழுதுகிறேன்.

#11 காவிரிக்கரை

போய் வந்துவிட்டோம். வந்து நான்கு நாள் ஆகிறது, மகள் இன்னும் இரவு 11 மணி வரை விழித்திருக்கிறாள்.

முதல் ராத்திரி பூங்குழலி அக்கா சொன்னது நிமிடம் பிசகாமல் நடந்தது. 3 மணி 10 நிமிடத்துக்கு எழுந்து உட்கார்ந்து "பசிக்குது" என்றாள். நான் எழுந்து பார்ப்பதற்குள் அம்மா சமையலறையில் விளக்கைப் போட்டுவிட்டார். அந்த உருண்டை அரிசியை வைத்துத் தயிர் சாதம். ஜன்னல் ஷட்டரை அரையடி தூக்கினால் வெளியே மலை கறுப்பாக, உச்சியில் மட்டும் ஒரு வெள்ளைக் கோடு. பாட்டியும் பேத்தியும் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். மூன்று நாள் இது நடந்தது. நான்காம் நாள் ஐந்தரை வரை தூங்கிவிட்டாள், அம்மாவுக்கு அன்றைக்குத்தான் ஏமாற்றம்.

மதியத் தூக்கத்துக்காக ஒவ்வொரு நாளும் ஒரு மணிக்கு வீடு திரும்பினோம். பாதி நாள் வீணாகிறதே என்று முதல் இரண்டு நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. பிறகு பார்த்தால் சாயங்காலம் 4 மணிக்கு மேல் இன்னும் ஐந்தரை மணி நேரம் வெளிச்சம் பாக்கி இருந்தது. பிரியன்ஸ் ஏரிப் படகு, லவுட்டர்புருனன் எல்லாம் அந்த நேரத்தில்தான் போனோம். கூட்டமும் குறைந்திருந்தது. ஒருநாள் மட்டும் பாலன்பெர்க் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் வண்டியிலேயே தூங்க வைத்தோம். நூறு பழைய வீடுகளுக்கு மேல் பெயர்த்து வந்து நட்டிருக்கிறார்கள், ஆடு, கோழி, பன்றி எல்லாம் உண்டு. அம்மா ஒரு விறகடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

யுங்ஃப்ராவ்யோக்குக்கு மனைவியும் அம்மாவும் போனார்கள். மகளுக்கு லேசாக மூக்கு ஒழுகியதால் மருத்துவரைக் கேட்கும் அவசியமே வரவில்லை. நானும் அவளும் கிரின்டல்வால்டிலிருந்து கேபிள் காரில் மென்லிஹன் மலைக்குப் போனோம். மாடு மாதிரி செய்த பெரிய சறுக்குமரம் ஒன்று அங்கே இருக்கிறது, அதில் எத்தனை முறை ஏறி இறங்கினாள் என்று எண்ணிக்கை விட்டுப்போனது. ஆனால் அவள் மறக்காமல் இருப்பது நிஜ மாடுகளை. சரிவில் மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாவற்றின் கழுத்திலும் செம்பு நிற மணி, ஒவ்வொன்றும் ஒரு சத்தம். "அப்பா, மாட்டுக்கு ஏன் சாமி மணி கட்டியிருக்காங்க?" என்றாள். மூடுபனியில் மாடு எங்கே நிற்கிறது என்று தெரிவதற்காக என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். அப்புறம் கையை நீட்டி, "அங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு" என்று சத்தம் வந்த பக்கமெல்லாம் காட்டினாள்.

சாயங்காலம் அம்மா வந்து இறங்கியபோது கையுறை நனைந்திருந்தது. பனியை உருட்டி எடுத்து வர முயன்றிருக்கிறார், கேபிள் காரிலேயே கரைந்துவிட்டதாம். மகள் அந்த ஈரக் கையுறையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே வீடு வரை வந்தாள்.

ஒரு சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் எடுத்த வாடகை வீட்டுக்கு லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தார்கள். லிஃப்ட் இருந்தது, ஆனால் அதற்கு முன்னால் 14 படி. அம்மா ஒவ்வொரு முறையும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார், இரண்டாம் நாள் முழங்கால் வீங்கிவிட்டது. ஒரு நாள் முழுக்க அவர் வெளியே வரவில்லை. லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு விடாதீர்கள், தெருவிலிருந்து அறைக் கதவு வரை மொத்தம் எத்தனை படி என்று எழுதிக் கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

பாரிஸ் பாலம் சொன்ன மரப் படகுக்காக லுக்ஸம்பூர் பூங்காவுக்கு மூன்று நாள் போனோம். லூவ்ர் போகவில்லை. மனைவி ஒரு ராத்திரி தனியாகப் போய் ஈஃபிள் மினுங்குவதைப் பார்த்துவிட்டு வந்தார்.

#12 நெடுஞ்சாலை

முழுக்கப் படித்தேன். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? 8 வயதுக்கு நான் சொன்னது சரி, மூன்றரைக்குச் சரியில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த 3 மணித் தயிர் சாதம் குழுச் சுற்றுலாவில் கிடைத்திருக்காது.

#13 நிலாமுற்றம்

எங்களுக்கு ஒன்றே கால் வயதுப் பையன், செப்டம்பரில் போகிறோம். குழந்தை வண்டி எந்த மாதிரி கொண்டு போனீர்கள்? கார் வாடகைக்கு எடுக்கலாமா என்றும் யோசிக்கிறோம்.

#14 காவிரிக்கரை

நெடுஞ்சாலை சார், வீக்கம் வடிந்துவிட்டது, நேற்று கோயிலுக்கு நடந்தே போய் வந்தார். கேட்டதற்கு நன்றி.

நிலாமுற்றம், மூன்றாக மடிந்து விமானத்தில் தலைக்கு மேல் வைக்கும் அளவுள்ள வண்டிதான் கொண்டு போனோம். சக்கரம் சிறியது, கல் தெருவில் அதிரும், ஆனால் ஒரு கையால் மடக்கலாம், பேருந்துக்கும் ரயிலுக்கும் அது போதும். உங்கள் பையனின் வயதுக்கு முதுகைப் பின்னால் சாய்க்க முடிகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கார் நாங்கள் எடுக்கவில்லை. எடுப்பதாக இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம். சுவிஸில் 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம் வரை அது சட்டம், முன்பதிவு செய்யும்போதே வயதையும் எடையையும் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். இன்டர்லாக்கன் வீட்டின் விவரம் தனிமடலில் அனுப்புகிறேன். அந்த வீட்டுக்கு வாசலில் ஒரே படிதான்.